டிராஃப்ட் போர்டு போடுவது எப்படி: கல்லூரி ஆட்டம் முதலில், கம்பைன் எண்கள் பிறகு

இது அமெரிக்க ஃபுட்பால் பற்றியது. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அதற்காக வீரர்களை மதிப்பிட்டுச் சொந்தமாக ஒரு தரவரிசை, அதாவது போர்டு, போட நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆட்டத்தின் விதிகளும், யார் எங்கே நிற்பார் என்பதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: கல்லூரி ஆட்டத்துக்கு எத்தனை சதவீதம், கம்பைன் என்ற உடல்திறன் சோதனைக்கு எத்தனை சதவீதம்? எழுபதுக்கு முப்பதா, அறுபதுக்கு நாற்பதா? எந்த விகிதம் சொன்னாலும் தப்பாகத்தான் முடியும். டேப் (ஆட்ட வீடியோ) பார்க்கும்போது எழுந்த சந்தேகத்தைத் தீர்க்கத்தான் சோதனை. சந்தேகம் என்னவென்று எழுதி வைக்காமல் எண்ணைப் பார்த்தால், நாம் விரும்பியதை அது சொல்லிவிட்டுப் போகும். அதனால் விகிதத்தை விட்டுவிட்டு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள படிகளை முன்பின் மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் ஆண்டில் ஒரே ஒரு பொசிஷனை எடுங்கள். பத்துப் பன்னிரண்டு வீரர்கள் போதும். 7 சுற்று, 250க்கு மேற்பட்ட தேர்வுகள் என்று எல்லாவற்றையும் அளக்கக் கிளம்பியவர்கள் பிப்ரவரி தாண்டி நான் பார்த்ததில்லை. ஒரே பொசிஷனில் பத்துப் பேரை அடுத்தடுத்துப் பார்த்தால்தான் சராசரி வீரர் எப்படி இருப்பார் என்று கண்ணுக்குப் பிடிபடும். சராசரி தெரியாதவருக்கு எல்லோரும் நட்சத்திரமாகத்தான் தெரிவார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். அதில் பிறந்த தேதி, கல்லூரியில் கழித்த ஆண்டுகள், சீசன் வாரியாக ஆடிய ஆட்டங்கள், ஸ்நாப் எண்ணிக்கை, எந்தக் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் லீக் குழு), என்னென்ன காயங்கள். இதில் பிறந்த தேதியைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். கோவிட் காலத்தில் கிடைத்த கூடுதல் ஆண்டும், கல்லூரி மாற வழிசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் சேர்ந்து, 24 வயதில் டிராஃப்டுக்கு வருவதைச் சாதாரணமாக்கிவிட்டன. 24 வயதுக்காரர் 19 வயதுப் பையனைத் தள்ளி எடுத்த சாக்குக்கும் (பந்து வீசும் முன் குவாட்டர்பேக்கை வீழ்த்துவது), 20 வயதுக்காரர் எடுத்த சாக்குக்கும் ஒரே விலை போட முடியாது.

முழு ஆட்ட வீடியோ வேண்டும். ஹைலைட்ஸ் எதற்கும் உதவாது. அதில் ஒருவர் தோற்ற ஸ்நாப் ஒன்றுகூட இருக்காது. டிவி ஒளிபரப்பு மட்டும்தான் கிடைக்கிறது என்றால் வைட் ரிசீவர், கார்னர்பேக் பக்கம் போகாதீர்கள். பந்து கிளம்பியதும் அவர்கள் திரையை விட்டு வெளியேறிவிடுவார்கள், ரூட்டின் முக்கியமான பாதி தெரியாது. 22 பேரும் தெரியும் ஆல்-22 கோணம் கிடைத்தால் பார்க்கலாம். இல்லையென்றால் எட்ஜ் ரஷர் அல்லது ஆஃபென்சிவ் லைன். அவர்கள் வேலை முழுவதும் பந்தைச் சுற்றியே நடப்பதால் டிவி கேமராவே போதும்.

நாட்காட்டியையும் தாளின் மேல் எழுதிக்கொள்ளுங்கள். கல்லூரி சீசன் ஜனவரியில் முடிகிறது. ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்தை ஒட்டி அலபாமாவின் மொபீல் நகரில் சீனியர் போல், டிராஃப்டுக்கு வரும் கல்லூரி வீரர்களுக்கான காட்சி ஆட்டம். பிப்ரவரி இறுதியில் இண்டியானாபொலிஸில் கம்பைன், 300க்கு மேற்பட்ட வீரர்கள். மார்ச்சில் புரோ டே, அதாவது அந்தந்தக் கல்லூரியிலேயே நடக்கும் சோதனை. ஏப்ரல் இறுதியில் டிராஃப்ட். டேப் வேலை கம்பைனுக்கு முன் முடிந்தாக வேண்டும்.

2. எந்தச் சோதனை யாருக்கு என்று முன்கூட்டியே எழுதுங்கள்

கம்பைனில் அளப்பவை: 40 யார்டு ஓட்டம் (36.6 மீட்டர்), அதற்குள் முதல் 10 யார்டு நேரம், நின்ற இடத்திலிருந்து மேலே குதித்தல், முன்னே தாண்டுதல், மூன்று கூம்புகளைச் சுற்றி ஓடும் த்ரீ-கோன், திரும்பித் திரும்பி ஓடும் 20 யார்டு ஷட்டில், 225 பவுண்டு (102 கிலோ) எடையை எத்தனை முறை தூக்குகிறார் என்ற பெஞ்ச் பிரஸ். கூடவே உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அளவு. பலர் சிலவற்றைத் தவிர்த்துவிடுவார்கள். செய்தாலும் எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது.

எட்ஜ் ரஷருக்கு முதல் 10 யார்டு, தாண்டுதல், த்ரீ-கோன். முதல் இரண்டும் புறப்படும் வெடிப்பைக் காட்டும். மூன்றாவது டாக்கிளைச் சுற்றி வளைந்து குவாட்டர்பேக்கை அடையும் திறனைக் காட்டும். அவர் 40 யார்டு நேராக ஓடும் தருணம் ஒரு ஆட்டத்தில் வந்தாலே அபூர்வம்.

கார்னர்பேக்குக்கு 40 யார்டு முக்கியம், ஏனென்றால் ஒரு அடி பின்தங்கினால் மீட்டுப் பிடிக்க வேகம் மட்டுமே கைகொடுக்கும். ரன்னிங் பேக்குக்கு எடையோடு சேர்த்துப் பார்த்த 40. ஆஃபென்சிவ் டாக்கிளுக்குக் கை நீளமும் ஷட்டிலும். வைட் ரிசீவர் எங்கே ஆடப்போகிறார் என்பதைப் பொறுத்தது: வெளியே நின்று ஆழமாக ஓடுபவருக்கு 40, ஸ்லாட்டில் நின்று வெட்டித் திரும்புபவருக்கு த்ரீ-கோன்.

குவாட்டர்பேக்குக்கு இவற்றில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற குவாட்டர்பேக் டாம் பிரேடி 2000ஆம் ஆண்டு 40 யார்டை 5.28 வினாடியில் ஓடி, 199ஆவது ஆளாகப் போனார். அந்த எண் அவரைப் பற்றி அன்றும் எதையும் சொல்லவில்லை.

இந்தப் பட்டியலை இப்போதே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்கள் வந்தபிறகு எழுதினால், உங்களுக்குப் பிடித்த வீரர் எதில் நன்றாகச் செய்தாரோ அதுவே முக்கியமான சோதனையாக மாறிவிடும்.

3. கல்லூரிப் புள்ளிவிவரத்தைப் பங்காக மாற்றுங்கள்

மொத்த எண்ணிக்கை பொய் சொல்லும். ஒரு அணி ஒரு ஆட்டத்தில் 50 முறை பந்து வீசும், இன்னொன்று 22 முறை வீசும். முதல் அணியின் இரண்டாம் தர ரிசீவர்கூட இரண்டாவது அணியின் நாயகனை விட அதிக யார்டு வைத்திருப்பார். ஆகவே வைட் ரிசீவருக்கு மூன்று எண்கள் போதும்: அணியின் மொத்த பாஸிங் யார்டில் அவர் பங்கு, ஓடிய ஒவ்வொரு ரூட்டுக்கும் சராசரியாக எத்தனை யார்டு, அணியில் பெரும்பங்கு எடுக்கத் தொடங்கியபோது அவர் வயது என்ன. மூன்றாவதை நான் மற்ற இரண்டை விட அதிகம் நம்புகிறேன். 19 வயதில் தன்னை விட மூத்தவர்களைத் தாண்டி ஓடியவருக்கு இன்னும் வளர இடம் இருக்கிறது.

பங்குக்கும் ஒரு ஓட்டை உண்டு. அணியில் இன்னொரு பெரிய ஆள் இருந்தால் இவர் பங்கு இயல்பாகவே குறையும். 2018இல் மிசிசிப்பி பல்கலைக்கழக அணியில் ஏ.ஜே. பிரவுன் 1,320 யார்டு எடுத்தார். அதே அணியின் டி.கே. மெட்காஃப் கழுத்துக் காயத்தால் 7 ஆட்டங்களோடு நின்று 569 யார்டு. மெட்காஃபின் பங்கை மட்டும் பார்த்தால் சாதாரணம். யாரோடு பகிர்ந்தார், எத்தனை ஆட்டம் ஆடினார் என்று பக்கத்தில் எழுதினால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.

எட்ஜ் ரஷருக்கு சாக் எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். குவாட்டர்பேக் பந்தை விடாமல் நான்கு வினாடி நின்றதால் கிடைத்த சாக் உண்டு. வேறொருவர் துரத்திவிட்டதை இவர் பொறுக்கியெடுத்த சாக் உண்டு. ஒவ்வொரு சாக்கையும் வீடியோவில் பார்த்து, டாக்கிளை இரண்டரை வினாடிக்குள் தானே வென்றாரா என்று குறியுங்கள். ஸ்நாப் கோட்டுக்குப் பின்னால் எத்தனை முறை ஓட்டத்தை மடக்கினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாக் குறைவாக இருந்தும் இந்த எண் அதிகமாக இருந்தால் பெரும்பாலும் பயிற்சியாளர் அவரிடம் கேட்ட வேலை வேறு என்று பொருள்.

எதிராளியின் தரம் அடுத்தது. சிறிய கல்லூரி வீரர் என்றால் அவர் பெரிய கல்லூரிகளோடு ஆடிய ஆட்டங்களைத் தனியே எடுங்கள். கூப்பர் கப் கிழக்கு வாஷிங்டன் என்ற இரண்டாம் அடுக்குக் கல்லூரியில் 428 முறை பந்து பிடித்து 6,464 யார்டு எடுத்தார். அந்த எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், சிறிய கல்லூரிதானே என்று தள்ளவும் வேண்டாம். 2015இல் ஒரேகான் அணிக்கு எதிராக 246 யார்டு, 3 டச்டவுன் எடுத்தாரே, அந்த ஆட்டத்தைப் பாருங்கள்.

ஆஃபென்சிவ் லைனுக்கு நம்பத்தகுந்த பொது எண் இல்லை. நேராக அடுத்த படிக்குப் போங்கள்.

4. டேப் பாருங்கள், ஆட்டங்களை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள்

ஒரு வீரருக்கு நான்கு ஆட்டம். அந்த சீசனின் மிகப் பலமான எதிராளியோடு ஆடியது ஒன்று, அவர் எண்ணிக்கை மிக மோசமாக இருந்தது ஒன்று, முந்தைய சீசனிலிருந்து ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது ஒன்று. "நல்ல ஆட்டம்" என்று யாராவது சொன்னதைப் பார்க்கத் தொடங்கினால் நீங்கள் பார்ப்பது அவர்களுடைய மதிப்பீட்டை.

பந்தைப் பார்க்காதீர்கள். இது சொல்ல எளிது, பழக நாளாகும். ஒரே ஆளை ஸ்நாப் தொடங்கி விசில் வரை பாருங்கள், பந்து அவர் பக்கம் வராவிட்டாலும். முதல் முறை ஓடவிட்டுப் பார்க்கும்போது எதையும் எழுத வேண்டாம். இரண்டாம் முறை ஒவ்வொரு ஸ்நாப்புக்கும் வென்றார், தோற்றார், சம்பந்தமில்லை என்ற மூன்றில் ஒன்றை மட்டும் போடுங்கள். தோற்ற ஸ்நாப்புகளுக்கு ஒரு வரிக் காரணம்.

அந்தக் காரணங்கள்தான் இந்த வழிகாட்டியின் மையம். "கை வைத்த இடம் தவறு", "எதிரணியின் அசைவைப் படிக்கவில்லை" என்பவை திருத்தக்கூடியவை. கம்பைன் அவற்றைத் தொடவே தொடாது. "முதல் இரண்டு அடி மெதுவாக இருக்கிறது", "திரும்பும்போது இடுப்பு வளையவில்லை", "பின்னால் வருபவர் எட்டிப் பிடிக்கிறார்" என்பவை உடல் சார்ந்தவை. இவற்றுக்குத்தான் சோதனை பதில் சொல்லும். இரண்டையும் தனித்தனி நிறத்தில் எழுதுங்கள்.

பெரிய எதிராளிகளோடு ஆடியது போதாத வீரர்களுக்கு சீனியர் போல் வாரத்தின் பயிற்சி வீடியோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தை விடப் பயிற்சிதான் பயன்படும். ஒருவருக்கொருவர் மோதும் பகுதியில் ஒரு எட்ஜ் ரஷர் அடுத்தடுத்து ஐந்தாறு நல்ல டாக்கிள்களைச் சந்திப்பார். ஆனால் அந்த ஒருவருக்கொருவர் பயிற்சி ரஷருக்கும் ரிசீவருக்கும் சாதகமாக அமைந்தது என்பதை மறக்க வேண்டாம். பக்கத்தில் உதவிக்கு யாரும் இல்லாமல் நிற்கும் டாக்கிள் தோற்பது செய்தியே இல்லை.

5. மதிப்பெண்ணைப் பூட்டுங்கள், கேள்வியை எழுதுங்கள்

கம்பைன் தொடங்கும் முன் ஒவ்வொருவருக்கும் எந்தச் சுற்றில் எடுப்பீர்கள் என்று எழுதித் தேதி போடுங்கள். தாளில் பேனாவால் எழுதுவது நல்லது. கணினியில் என்றால் இன்னொரு பிரதி எடுத்துத் தொடாமல் வையுங்கள்.

அதன் கீழே அதிகபட்சம் இரண்டு கேள்விகள். கேள்வி சோதனையால் பதில் சொல்லக்கூடியதாக, என்ன எண் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதோடு இருக்க வேண்டும். "வேகம் எப்படி?" என்பது கேள்வி ஆகாது. "ஆழமான ரூட்டில் மூன்று முறை பின்னாலிருந்து பிடிபட்டார், 40 யார்டு 4.55க்கு மேல் வந்தால் வெளியே நிற்கும் ரிசீவராகப் பார்க்க மாட்டேன், ஸ்லாட்டில் மட்டும்" என்று எழுதினால் அது கேள்வி.

சில வீரர்களுக்குக் கேள்வியே வராது. அப்படியானால் அவர்களுடைய சோதனை எண்ணை நீங்கள் பார்க்கவே தேவையில்லை. சொன்னால் யாரும் கேட்பதில்லை, பார்க்கத்தான் செய்வார்கள். குறைந்தபட்சம் மதிப்பெண்ணை மாற்றாமல் இருங்கள்.

6. கம்பைன் எண்களைச் சுத்தம் செய்யுங்கள்

கிடைத்த எண்ணை அப்படியே போடக் கூடாது. முதலில் எங்கே அளந்தது என்று பாருங்கள். கம்பைனில் 40 யார்டின் தொடக்கத்தை ஒருவர் கையால் அழுத்துகிறார், முடிவை மின்னணுக் கருவி பதிகிறது. புரோ டேயில் இரண்டு முனையும் ஸ்டாப்வாட்ச், அதுவும் அவரவர் சொந்த மைதானத்தில். புரோ டே நேரம் பொதுவாகக் குறைவாகத்தான் வரும். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டு ஒப்பிடுவது புதியவர்கள் செய்யும் மிகச் சாதாரணமான பிழை. தனிப் பத்தி போடுங்கள். தடகளத்தின் 100 மீட்டர் நேரத்தோடு ஒப்பிடுவது இன்னும் மோசம். அங்கே துப்பாக்கி வெடித்த கணத்திலிருந்து கணக்கு, இங்கே வீரர் அசைந்த பிறகு.

அடுத்தது எடை. 197 பவுண்டு ஆள் ஓடும் 4.4க்கும் 225 பவுண்டு ஆள் ஓடும் 4.4க்கும் வித்தியாசம் உண்டு. ரன்னிங் பேக்குகளுக்கு 2008இல் பில் பார்ன்வெல் தந்த ஸ்பீடு ஸ்கோர் எளிமையானது: எடையைப் பவுண்டில் எடுத்து 200ஆல் பெருக்கி, 40 யார்டு நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். 100ஐச் சுற்றி வந்தால் சராசரி. 2008இல் கிறிஸ் ஜான்சன் 197 பவுண்டில் 4.24 ஓடினார், கணக்குப் போட்டால் 122 வரும். 225 பவுண்டு ஆள் 4.40 ஓடினால் 120. கேட்க 0.16 வினாடி பெரிய இடைவெளி, கணக்கில் இருவரும் ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்தில். 200 பவுண்டு ஆள் 4.55 ஓடினால் 93தான், அங்கே கவலைப்படலாம்.

பெஞ்ச் பிரஸைக் கை நீளத்தோடு சேர்த்துப் படியுங்கள். நீண்ட கை உள்ளவர் எடையை அதிக தூரம் தூக்க வேண்டும், எண்ணிக்கை குறையும். ஆனால் களத்தில் ஆஃபென்சிவ் டாக்கிளுக்கு அந்த நீண்ட கைதான் சொத்து. எண்ணிக்கை குறைவு என்று கழித்துவிட்டு, கை நீளம் நன்று என்று கூட்டுபவர்கள் ஒரே விஷயத்தை எதிரெதிர்த் திசையில் எழுதுகிறார்கள்.

எல்லாச் சோதனையையும் சேர்த்து 0 முதல் 10 வரை ஒரே எண்ணாகத் தரும் ஆர்ஏஎஸ் போன்ற மதிப்பீடுகள் பரவலாகக் கிடைக்கின்றன. விரைவாக ஒரு பார்வை பார்க்க நல்லவை. அதில் உயரமும் எடையும் சேர்ந்திருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். உங்கள் தாளில் உயரத்துக்கு ஏற்கெனவே மதிப்பெண் கொடுத்திருந்தால் இரண்டு முறை கொடுத்தவர் ஆகிறீர்கள்.

கடைசியாக, யாரோடு ஒப்பிடுவது. இன்று கம்பைனுக்கு வரும் ஏறக்குறைய எல்லோரும் சீசன் முடிந்ததும் இந்தச் சோதனைகளுக்கென்றே தனிப் பயிற்சி எடுத்து வருகிறார்கள். ஆகவே அதே பொசிஷனில் சமீபத்திய பத்தாண்டு வீரர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

7. இரண்டும் முரண்படும்போது

இங்குதான் நேரம் செலவாகும்.

டேப்பும் சோதனையும் ஒத்துப்போனால் மதிப்பெண்ணை ஏற்றாதீர்கள். ஆரன் டோனல்ட் 2013இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்காக 11 சாக், கோட்டுக்குப் பின்னால் 28.5 மடக்கல், கம்பைனில் 285 பவுண்டோடு 4.68 ஓடி, பெஞ்ச் 35 முறை. டேப்பில் தெரிந்த வெடிப்பைத்தான் கம்பைன் உறுதி செய்தது. புதிதாக எதுவும் தெரியவில்லை, ஆகவே புதிதாக எதையும் கூட்ட வேண்டியதில்லை. உயரம் போதாது என்ற ஒரே தயக்கத்தோடு 13ஆவதாகப் போனார். அந்தத் தயக்கத்துக்கு டேப்பிலேயே பதில் இருந்தது.

டேப் நல்லது, சோதனை மோசம் என்றால் ஒரே ஒரு கேள்வி: அந்த மோசமான எண் களத்தில் எங்காவது தெரிந்ததா? திரும்பிப் போய் உடல் சார்ந்த நிறத்தில் எழுதிய ஸ்நாப்புகளை மட்டும் பாருங்கள். ஒக்லஹோமாவின் ஆர்லாண்டோ பிரவுன் 2018 கம்பைனில் 40 யார்டுக்கு 5.85 வினாடி எடுத்தார், பெஞ்ச் 14 முறை. முதல் சுற்று என்று பேசப்பட்டவர் மூன்றாம் சுற்றில் 83ஆவதாகப் போனார். களத்தில் அவர் உடலைச் சுற்றிப் போகவே ரஷர்களுக்கு நேரம் போதவில்லை. 2019 முதல் 4 சீசன் தொடர்ந்து புரோ போல் (சீசனின் சிறந்த வீரர்கள் பட்டியல்). டெரல் சக்ஸ் 2002இல் அரிசோனா ஸ்டேட் அணிக்காக 24 சாக் எடுத்து கல்லூரிச் சாதனை வைத்தார். டிராஃப்டுக்கு முன் ஓடிய 40 யார்டு 4.8ஐத் தாண்டியது. பால்டிமோர் 10ஆவதாக எடுத்தது, 139 சாக்கோடு ஓய்வு பெற்றார். இருவர் விஷயத்திலும் பொருந்தாத சோதனையை, அதாவது 40 யார்டை, பலர் பொருந்துவதாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் படியில் எழுதிய பட்டியல் இதற்காகத்தான்.

மோசமான எண் டேப்பிலும் தெரிகிறது என்றால் இறக்குங்கள். ஒரு சுற்றுக்கு மேல் இறக்க நான் ஒப்ப மாட்டேன். அதற்கு மேல் இறக்கத் தோன்றினால் டேப்பை முதலில் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று அர்த்தம், நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

டேப் சுமார், சோதனை அபாரம். இது ஆபத்தான கட்டம், அதே நேரம் பொக்கிஷமும் இங்கேதான் கிடக்கும். ஏன் சுமாராக இருந்தது என்பதற்கு உடலுக்கு வெளியே ஒரு காரணம் கிடைக்கிறதா என்று தேடுங்கள்: வயது, காயம், பயிற்சியாளர் கொடுத்த வேலை. டானியல் ஹண்டர் 2014இல் எல்எஸ்யூ (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணிக்காக எடுத்தது வெறும் 1.5 சாக். ஆனால் கோட்டுக்குப் பின்னால் 13 மடக்கல், வயது 20, கம்பைனில் 252 பவுண்டோடு 4.57. மினசோட்டா 88ஆவதாக எடுத்தது. 2018, 2019 இரண்டு சீசனிலும் 14.5 சாக். காரணங்கள் தாளிலேயே இருந்தன.

மெட்காஃப் இன்னும் சுவாரசியமானவர். 228 பவுண்டில் 4.33 ஓட்டம், 40.5 அங்குலக் குதிப்பு. கூடவே 7.38 வினாடி த்ரீ-கோன், அது பிரேடியின் 7.20ஐ விட மெதுவு என்று அப்போது எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒன்றைத் தவறவிட்டார்கள். அந்த இரண்டு எண்களும் சேர்ந்து அவர் எப்படிப்பட்ட ரிசீவர் என்பதை வரைந்துகொடுத்தன: நேராக ஓடவிடு, வெட்டித் திரும்பச் சொல்லாதே. 64ஆவதாக எடுத்த சியாட்டில் அப்படியே பயன்படுத்தியது. 2020இல் 1,303 யார்டு.

எண்ணிக்கையும் சோதனையும் சேர்ந்து ஏமாற்றுவதும் உண்டு. வெர்னன் கோல்ஸ்டன் 2007இல் ஒஹையோ ஸ்டேட் அணிக்காக 14 சாக், கம்பைனில் பெஞ்ச் 37 முறை. ஆட்டத்துக்கு ஆட்டம் காணாமல் போகிறார் என்ற பேச்சு டிராஃப்டுக்கு முன்பே இருந்தது. நியூயார்க் ஜெட்ஸ் 6ஆவதாக எடுத்தது. அங்கே ஆடிய 3 சீசனில் ஒரு சாக்கூட இல்லை. புள்ளிவிவரமும் சோதனையும் எண்கள் என்பதால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும். ஸ்நாப் ஸ்நாப்பாகப் போட்ட குறிப்பு இல்லாதவர் மாட்டிக்கொள்வார்.

குவாட்டர்பேக் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஜாஷ் ஆலன் 2017இல் வயோமிங் அணிக்காக வீசியதில் 56.3 சதவீதம்தான் சரியாகச் சேர்ந்தது. கல்லூரி எண்ணை நம்பியவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றார்கள், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பஃபலோ 7ஆவதாக எடுத்தது. இரண்டு சீசன் தடுமாறி, 2020இல் 69 சதவீதத்தைத் தாண்டி, 2024 சீசனுக்கு எம்விபி (மிகச் சிறந்த வீரர்) ஆனார். கை வலிமை, உடல்வாகு, ஓட்டம் மூன்றும் இருந்து துல்லியம் பின்னால் வந்த இந்த ஒரு கதையைக் காட்டி ஆண்டுதோறும் யாராவது ஒருவரை விற்கப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள்.

2008இல் லூயிவில் பல்கலைக்கழகத்தின் குஸ்மிட்ஸ், ஆடம்ஸ் இருவரும் கம்பைன் எண்களுக்கும் பிற்கால ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்கள். ரன்னிங் பேக்குகளின் ஓட்ட நேரம் தவிர மற்றவற்றில் நிலையான தொடர்பு கிடைக்கவில்லை. இதை வைத்துக் கம்பைன் வீண் என்று முடிவு கட்டுபவர்களும் தவறுகிறார்கள். கம்பைனுக்கு அழைக்கப்படுபவர்கள் ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர்கள்; மெதுவான கார்னர்பேக் அந்தக் கூட்டத்திலேயே இருக்க மாட்டார். வேகமானவர்களுக்குள்ளே வேகத்தை வைத்துப் பிரிப்பது கடினம் என்பதைத்தான் அது காட்டுகிறது.

8. சோதனைக்கு வராதவர்கள், மருத்துவக் கட்டம்

ஓடாதவருக்கு பூஜ்யம் போடக் கூடாது, சராசரியும் போடக் கூடாது. கட்டத்தைக் காலியாக விடுங்கள். கேள்வி பதிலின்றி நிற்கிறது, அவ்வளவுதான்; பூட்டிய மதிப்பெண் அப்படியே இருக்கட்டும். புக்கா நக்குவா 2023இல் கம்பைனில் ஓடவில்லை, 177ஆவதாகப் போனார், முதல் சீசனிலேயே 105 பிடிப்பு, 1,486 யார்டு என்று புதுமுகச் சாதனை வைத்தார். கல்லூரியின் கடைசி சீசனில் காயத்தால் 9 ஆட்டமே ஆடியிருந்தார். மொத்த யார்டைப் பார்த்தவர்கள் கடந்து போனார்கள். ரூட்டுக்கு எத்தனை யார்டு என்று பார்த்தவர்கள் நின்றார்கள்.

அணிகள் இண்டியானாபொலிஸுக்குப் போவதன் முக்கிய நோக்கமே மருத்துவப் பரிசோதனை. அதன் முடிவு நமக்குக் கிடைக்காது. நம் கையில் இருப்பது தவறவிட்ட ஆட்டங்களின் பட்டியல் மட்டுமே, அதையாவது பார்க்கலாம். ஜான் ராஸ் 2016இல் வாஷிங்டன் அணிக்காக 81 பிடிப்பு, 17 டச்டவுன். 2017 கம்பைனில் 4.22 ஓடி அப்போதைய சாதனை. 9ஆவதாக சின்சினாட்டிக்குப் போனார். அதற்கு முந்தைய 2015 சீசன் முழுவதையும் முழங்கால் காயத்தில் இழந்திருந்தார். என்எஃப்எல்லின் முதல் சீசனில் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை, அடுத்தடுத்தும் காயம். அதே டிராஃப்டில் 4.62 ஓடிய கூப்பர் கப் 69ஆவதாகப் போனார். அவருடைய த்ரீ-கோன் 6.75, ஸ்லாட்டில் ஆடுபவருக்குப் பார்க்க வேண்டிய எண் அதுதான். 2021இல் 145 பிடிப்பு, 1,947 யார்டு.

9. போர்டில் வைப்பதும், பிறகு திறந்து பார்ப்பதும்

இப்போது இரண்டு மதிப்பெண் இருக்கும்: பூட்டியது, திருத்தியது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கெல்லாம் வித்தியாசம் இருக்கிறதோ அங்கே ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி. "கம்பைனில் நன்றாக ஓடினார்" என்பது காரணம் ஆகாது. ஐந்தாம் படியில் எழுதிய கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.

மார்ச் மாதத்தில் பலரது போர்டும் ஒன்றுபோல மாறத் தொடங்கும். ஒருவர் திடீரென்று மேலே ஏறுவார். அவர் ஏறியது வேறெவராவது எழுதியதைப் படித்ததாலா, உங்கள் தாளில் உள்ள எதனாலாவதா என்று கேளுங்கள். தாளில் எதுவும் மாறவில்லை என்றால் அவரை நகர்த்தாதீர்கள்.

டிராஃப்ட் முடிந்த மறுநாள் போர்டைத் திருத்த வேண்டாம். அணி எந்தச் சுற்றில் எடுத்தது என்பது உங்கள் மதிப்பீட்டுக்கான விடைத்தாள் இல்லை. மூன்று சீசன் போகட்டும். அதன்பின் பூட்டிய மதிப்பெண் எத்தனை பேருக்குச் சரியாக வந்தது, திருத்தியது எத்தனை பேருக்கு என்று தனித்தனியாக எண்ணுங்கள். திருத்தியது தொடர்ந்து மோசமாக இருந்தால் அடுத்த முறை ஆறாம் படியை விட்டுவிட்டு, கேள்வி எழுந்தவர்களுக்கு மட்டும் ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்.